கண் உலர்ந்தால் எரியும், சரி. பார்வை எப்படி மங்கும்?

கேள்வி
11 பிப்ரவரி 2024

அப்பாவுக்கு 54 வயது. நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறார். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. ஆறு மாதமாக, இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறித் தெரிகிறது என்கிறார். சாயங்காலம் ஆனால் ஊர்ப் பெயர்ப் பலகையைப் படிக்கத் தடுமாறுகிறார். கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு உள்ளே எல்லாம் பார்த்தார். புரை இல்லை, விழித்திரை நன்றாக இருக்கிறது, கண் உலர்ந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்பாவுக்கு எரிச்சலே கிடையாது. காற்று பட்டால் கண்ணில் தண்ணீர்தான் வழிகிறது. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படிக்கிறார். கண் உலர்ந்தால் எரியும், உறுத்தும். பார்வை எப்படி மங்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

11 பிப்ரவரி, இரவு 10.15

மங்கும் தம்பி. எனக்கு மங்கியது.

நான் மதுரையில் மெய்ப்புத் திருத்துகிறேன். 26 வருடம் ஆகிறது. ஒற்று விழுந்திருக்கிறதா, மிகுந்திருக்கிறதா, ரகரம் காலாகிவிட்டதா என்று புள்ளியையும் கோட்டையும் பார்ப்பதுதான் என் பிழைப்பு. 2021 கடைசியில், மதியம் மூன்று மணிக்கு மேல் புள்ளிகள் காணாமல் போகத் தொடங்கின. ‘பத்து’ என்ற சொல்லைப் பார்ப்பேன். நடுவில் இருக்கும் தகரத்தின் மேல் புள்ளி இருக்கும். கண் எடுக்காமல் மூன்று நான்கு நொடி பார்த்தால் புள்ளி மெல்லக் கரைந்து ‘பதது’ ஆகிவிடும். ஒருமுறை கண்ணை மூடித் திறந்தால் புள்ளி திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். மறுபடி மூன்று நொடி, மறுபடி கரையும்.

வயது 48, வெள்ளெழுத்து கூடிவிட்டது என்று நினைத்தேன். 14 மாதத்தில் இரண்டு கண்ணாடி மாற்றினேன். காலையில் போட்டுப் பார்த்தால் அருமையாக இருக்கும், மாலையில் பழைய கதைதான். கண்ணாடிக் கடையிலும் குற்றம் சொல்ல முடியாது, அங்கே பலகையில் எல்லா வரியையும் படித்துவிட்டேனே. மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர்தான், “கண்ணை மூடித் திறந்தால் தெளிகிறதா?” என்று கேட்டார். அதற்குமுன் யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

உங்கள் அப்பாவிடம் இன்றே அதைக் கேளுங்கள்.

12 பிப்ரவரி, காலை

இரவு அவசரமாக எழுதினேன். எப்படி மங்கும் என்பதைச் சொல்லவில்லை.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ்தான் ஒளியை வளைக்கிறது என்று பள்ளியில் படித்ததோடு நாம் நின்றுவிடுகிறோம். அந்த வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கண்ணின் முன்பரப்பிலேயே, கருவிழியில் முடிந்துவிடுகிறது. கருவிழிமேல் காற்றைத் தொடும் பரப்பு எது? கண்ணீர். மூன்று மைக்ரோமீட்டர் அளவுதான் அதன் கனம். தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட வராது. அடியில் கண்ணீரைக் கருவிழியோடு ஒட்டவைக்கும் சளி, நடுவில் நீர், மேலே ஆவியாகாமல் மூடும் மெல்லிய எண்ணெய். ஒளி முதலில் நுழைவது இந்தப் படலத்தின் வழியாக. இது வழவழவென்று இருக்கும்வரை உருவம் கூர்மையாக விழும். அங்கங்கே உடைந்து திட்டுத்திட்டாக ஆனால் ஒளியும் சிதறும். எரிச்சல் தனி, இது தனி. இரண்டும் சேர்ந்து வரலாம், ஒன்று மட்டும்கூட வரலாம்.

என் கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு, நீல விளக்கில் பார்த்தார்கள். இமைக்காமல் இருக்கச் சொல்லிவிட்டு நொடிகளை எண்ணினார்கள். படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்பதுதான் கணக்கு. பத்துக்குக் கீழே வந்தால் குறை. எனக்கு வலது 4, இடது 3. புள்ளி கரைய எடுத்துக்கொண்ட நேரம் அதுவேதான். அந்த எண்ணைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. 14 மாதமாக என் மேசையில் உட்கார்ந்து நானே எண்ணிய நொடிகள் அவை.

12 பிப்ரவரி, மதியம்

விட்டுப்போனது ஒன்று. எழுத்துப் பலகை ஏன் இதைக் காட்டுவதில்லை? நாம் ஒரு வரியைப் பார்க்கிறோம், மங்கினால் இமைக்கிறோம், தெளிந்த அந்த ஒரு நொடியில் எழுத்தைச் சொல்லிவிடுகிறோம். பலகைக்கு அந்த ஒரு நொடி போதும். ரோடு அப்படி விடுமா? மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் லாரி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடந்துவிடும். கண்ணீர் மூன்று நொடியில் உடையும் மனிதர் நாலாவது நொடி இமைக்காமல் ரோட்டைப் பார்த்தால், அந்த 17 மீட்டர் தூரமும் மங்கலில்தான் போகிறது. அப்பா கடைசி வரி வரை படிக்கிறார் என்பதை வைத்துத் தேறிக்கொள்ளாதீர்கள்.

14 பிப்ரவரி

எரிச்சல் இல்லை, தண்ணீர் வழிகிறது. அப்புறம் எப்படி உலர்வு என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான். என் அம்மாவும் இதையே கேட்டார், “வழியிற கண்ணுக்கு எதுக்குடி தண்ணி மருந்து?” என்று.

வழிவது அவசரக் கண்ணீர். வெங்காயம் உரிக்கும்போது வருகிறதே, அந்த வகை. பரப்பு காய்ந்து உறுத்தியதும் சுரப்பி குடம் குடமாகக் கொட்டுகிறது. அதில் எண்ணெயும் சளியும் போதுமான அளவில் கலந்திருக்காது, கண்ணில் நிற்காமல் கன்னத்தில் இறங்கிவிடும். வழிகிற நேரத்தில் பார்வை தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் இருக்கும், வழிந்து முடிந்தால் மறுபடி காயும்.

எரிச்சல் இல்லாததற்குச் சர்க்கரை காரணமாக இருக்கலாம். பல வருடச் சர்க்கரையில் கால் பாதம் மரத்துப்போகிறது அல்லவா, கருவிழியின் உணர்வும் அதேபோல் குறையும். காய்வது தெரியாது. தெரியாததால் இமைப்பதும் குறையும். எரிகிறவரைவிட எரியாதவரை நினைத்துத்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். எரிகிறவர் எப்படியும் மருத்துவரிடம் போய்விடுவார்.

18 பிப்ரவரி

கேட்டுப் பார்த்தீர்களா! “இமைத்தால் விளக்கு ஒரு நொடி ஒடுங்குகிறது, பிறகு விரிகிறது” என்று அவரே சொல்லிவிட்டாரே. வலது கண்ணில்தான் அதிகம் என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னது நல்லது. ஒரு கண்ணால் பார்க்கும்போதும் உருவத்துக்கு நிழல் விழுந்து இரட்டையாகத் தெரிந்தால் குறை அந்தக் கண்ணின் ஒளிப்பாதையில் இருக்கிறது. எனக்கு மோசமான நாட்களில் ஃ என்ற எழுத்தில் நாலு புள்ளி, ஐந்து புள்ளி தெரிந்திருக்கிறது.

சொட்டு மருந்து பற்றி. ஒரு சொட்டுப் போதும். கண் ஒரு சொட்டையே முழுதாகத் தாங்காது, இரண்டாவது கன்னத்துக்குத்தான். கீழ் இமையை இழுத்து, பையில் விட்டு, கண்ணை மூடி இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். விட்டதும் படபடவென்று இமைத்தால் மருந்து மூக்குக்குப் போய்விடும். ஜெல் போன்ற கெட்டியான மருந்தானால் சில நிமிடம் பார்வை மறைக்கும். அதை விட்டுக்கொண்டு உடனே ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது. களிம்பு படுக்கப் போகும்போது மட்டும். ஒரு நாளைக்கு நாலைந்து முறைக்கு மேல் விட வேண்டியிருந்தால், கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் இல்லாத மருந்தாகக் கேட்டு வாங்குங்கள். அந்த ரசாயனமே நாள்பட்டால் கண் பரப்பைப் புண்ணாக்கும்.

நான் மீன் எண்ணெய் மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். நல்ல பலன் தெரிகிறது.

வெந்நீர் ஒத்தடம் ஐந்து நிமிடம், காலையும் இரவும். துண்டை நனைத்துக் கண்மேல் போட்டுக்கொண்டால் போதும்.

25 பிப்ரவரி

ஒத்தடம் பற்றி நான் எழுதியது அரைகுறை. ஒருவர் செய்து பார்த்துவிட்டுப் பலனில்லை என்று சொன்னதும் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துச் செய்து பார்த்தேன். துண்டு இரண்டு நிமிடத்தில் ஆறிவிடுகிறது. மிச்ச மூன்று நிமிடம் ஈரத்துணி மட்டும்தான் கண்மேல் கிடக்கிறது.

ஒத்தடம் எதற்கு என்று தெரிந்தால் செய்முறை தானாக வரும். இமை ஓரத்தில், மயிர்க்காலுக்குச் சற்று உள்ளே, எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. மேல் இமையில் முப்பது, கீழ் இமையில் இருபத்தைந்து என்று சுமாராகக் கணக்கு. மைபோமியன் சுரப்பி என்று பெயர். 1666-இல் அவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் மைபோமின் பெயரால் வந்தது. எனக்கு அங்கேதான் அடைப்பு. நீர்ச் சுரப்பு போதுமான அளவு இருக்கிறது. ஷிர்மர் சோதனை என்று கீழ் இமையில் காகிதப் பட்டையைத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் வைத்தார்கள். 14 மில்லிமீட்டர் நனைந்தது. ஆனால் மூடி இல்லாத பாத்திரத்துத் தண்ணீர்போல எல்லாம் ஆவியாகிவிடுகிறது. மருத்துவர் இமையை அழுத்திக் காட்டினார். நல்லெண்ணெய்போல் தெளிவாக வர வேண்டியது, குளிரில் உறைந்த தேங்காயெண்ணெய் மாதிரி வெள்ளையாக, பற்பசை பிதுங்குவதுபோல் வந்தது. உறைந்ததை உருக்கத்தான் சூடு.

இப்போது இரண்டு சிறு துண்டுகள் வைத்திருக்கிறேன். ஒன்று கண்மேல் இருக்கும்போது மற்றொன்று வெந்நீரில். கை பொறுக்கும் சூடு; அதற்குமேல் வேண்டாம். மாற்றி மாற்றிப் பத்து நிமிடம். பிறகு மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் விரல் நுனியால் மென்மையாக நீவுகிறேன். கண்ணுருண்டையை அழுத்தக் கூடாது. ஆரம்பத்தில் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். எடுத்ததும் கால் மணி நேரம் எல்லாம் மங்கலாக இருந்தது. அழுத்துவதை நிறுத்தியதும் அதுவும் நின்றது.

3 மார்ச்

என் கண் உலர்ந்ததற்கு இத்தனை நாள் கணினித் திரையை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் முதல் காரணம் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் கட்டிலுக்கு நேர் மேலே மின்விசிறி. நான் தூங்கும்போது கண் முழுதாக மூடுவதில்லை, கீழே வெள்ளை ஒரு கோடாகத் தெரிகிறது என்று என் கணவர் பல வருடம் முன்பே சொல்லியிருக்கிறார். சிரித்துவிட்டு மறந்துவிட்டோம். எட்டு மணி நேரம் திறந்த இடுக்கில் காற்று. மருத்துவரிடம் இதைச் சொன்னதும் எழுதிக்கொண்டார். கட்டிலை இரண்டடி நகர்த்திப் போட்டோம், இரவில் களிம்பு. காலையில் எழுந்ததும் இமை ஒட்டிக்கொண்டு பிரிகிற அந்த வலி இரண்டு வாரத்தில் நின்றது.

இரண்டாவது, செட்டிரிசின். புத்தகக் கட்டுகளின் தூசிக்குத் தும்மல் வரும் என்று வாரத்தில் நாலு நாள் போட்டுக்கொண்டிருந்தேன். மூக்கை உலர்த்துகிற மாத்திரை கண்ணையும் உலர்த்தும். தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் இவையும் அப்படித்தான். நீங்களாக நிறுத்த வேண்டாம். கண் மருத்துவரிடம் போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மூன்றாவது, மாதவிலக்கு நின்ற வயது. அதற்கு நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

5 மார்ச்

“எனக்கும் விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கூடவே புருவத்தில் வலி, வாந்தி வருவதுபோல்” என்று எழுதியிருக்கும் அம்மாவுக்கு: அதை இந்த இழையோடு சேர்க்காதீர்கள். இன்றே, இப்போதே கண் மருத்துவமனைக்குப் போங்கள். கண் அழுத்தம் சட்டென்று ஏறினாலும் இப்படித்தான் வரும், சில மணி நேரத்திலேயே பார்வையை எடுத்துவிடும். இமைத்தால் தெளியாத மங்கல், திடீரென்று திரை விழுவதுபோல் மறைப்பு, மின்னல் பொறிகள், ஒரு கண்ணில் மட்டும் கடும் வலியும் சிவப்பும்; இவை எதற்கும் உலர்வு என்று நீங்களே பெயர் வைத்துவிடாதீர்கள்.

6 மார்ச்

அந்த அம்மா உடனே மருத்துவமனைக்குப் போய்விட்டதாக அவர் மகள் எழுதியிருக்கிறார். நிம்மதி.

17 மார்ச்

ஒரு அன்பர், “நிமிடத்துக்கு எத்தனை முறை இமைக்க வேண்டும்?” என்கிறார். ஜப்பானிய மருத்துவர்கள் 1993-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சும்மா இருக்கும்போது சராசரியாக 22 முறை, புத்தகம் படிக்கும்போது 10, கணினித் திரை முன்னால் 7 என்று எண்ணியிருக்கிறார்கள். தேவர்களை நாம் இமையவர் என்கிறோம், கண் இமைக்காதவர்கள் என்பதால். சுயம்வரத்தில் நளன் உருவில் நின்ற தேவர்களுக்கு நடுவே உண்மை நளனைத் தமயந்தி அடையாளம் கண்டதற்கு அவன் இமைத்ததும் ஒரு காரணம். திரை முன் உட்கார்ந்தால் மனிதர்கள் எல்லோரும் பாதி இமையவர்களாகிவிடுகிறோம், தமயந்திக்குச் சிரமம்தான்.

ஆனால் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். நானும் அப்படித்தான் கடிகாரம் வைத்து இமைத்தேன். பலன் குறைவு. என் பேரன் கைபேசியில் நான் வேலை செய்வதைப் படம் எடுத்தான். அதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, என் மேல் இமை பாதி தூரம் இறங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறது. கீழ் இமையைத் தொடுவதே இல்லை. கருவிழியின் கீழ்ப் பகுதி துடைக்கப்படாமலே கிடக்கிறது. பாதி தூரம் போய் நின்றுவிடும் வைப்பர் என்று உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார். இமை ஓரங்கள் ஒன்றையொன்று தொட்டால்தான் சுரப்பியிலிருந்து எண்ணெயும் வெளியே வரும்.

எழுத்தின் ஒலி அளவை மாத்திரை என்கிறோம். ஒரு மாத்திரை என்றால் ஒருமுறை இயல்பாகக் கண் இமைக்கும் நேரம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, புள்ளி வைத்த மெய்க்கு அரை. 26 வருடமாக அரை மாத்திரை எழுத்துகளைத் தேடிக்கொண்டிருந்த நான், அரை மாத்திரையாகவே இமைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்த அன்றிலிருந்து ஒவ்வொரு பத்தி முடிவிலும் கண்ணை முழுதாக மூடுகிறேன். ஒரு நெடில் அளவு மூடியிருந்து, லேசாக இறுக்கி, திறக்கிறேன். எனக்கு எழுதிக் கொடுத்தவற்றிலேயே விலையில்லாத மாத்திரை இதுதான்.

திரையை மேசையில் இரண்டு கை உயரம் கீழே இறக்கியும் வைத்திருக்கிறேன். பார்வை கீழ்நோக்கினால் இமை தாழும், காற்றுப் படும் பரப்பு குறையும்.

2 ஏப்ரல்

நந்தியாவட்டைப் பூ, விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். என் பாட்டி நந்தியாவட்டைப் பூவைப் பனியில் வைத்து எடுத்து மூடிய இமைமேல் வைப்பார். அந்தக் குளிர்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. மூடிய இமைமேல் வைத்துக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. பிழிந்து கண்ணுக்குள் விடாதீர்கள். நம் தென்மாவட்டங்களில் கருவிழியில் பூஞ்சைப் புண் வந்து பார்வை இழப்பவர்கள் நிறைய. நெல் தாள், இலை, முள் என்று செடி சார்ந்த ஏதாவது கண்ணில் பட்டதுதான் பெரும்பாலும் தொடக்கம். உலர்ந்த கண்ணின் பரப்பு ஏற்கெனவே சிராய்ந்தது. அதில் சுத்தம் செய்யாத எதையும் விடக் கூடாது. மற்ற இரண்டுக்கும் இதே பதில்தான்.

முருங்கைக்கீரை கேட்டவருக்கு: வைட்டமின் ஏ குறைந்தாலும் கண் உலரும், மாலைக்கண் வரும். அது வேறு நோய், பெரும்பாலும் சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு. கீரை நன்றாகச் சாப்பிடுங்கள். அடைத்த எண்ணெய்ச் சுரப்பியை அது திறக்காது.

மருந்துக் கடையில் “கண் சிவப்புக்கு ஒன்று கொடுங்கள்” என்று கேட்டு வாங்கும் பழக்கத்தையும் விட வேண்டும். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு நாளில் கண் பளிச்சென்று ஆகும். அதை நம்பி மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வளரும். எனக்கு அப்படி ஒரு குப்பியைக் கொடுத்தார்கள். பெட்டியில் இருந்ததைப் படித்துப் பார்த்த மருத்துவர்தான் நிறுத்தினார். ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை, மருத்துவர் நாள் எண்ணிக் கொடுக்க வேண்டியது.

23 ஏப்ரல்

இன்று விடியற்காலை அழகர் ஆற்றில் இறங்கினார். போன இரண்டு வருடமும் கூட்டத்தில் நின்றேனே தவிர, தங்கக் குதிரை ஒரு மஞ்சள் திட்டாகத்தான் தெரிந்தது. விளக்கு வெளிச்சம், தூசி, தூங்காத கண். எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள் கைகூப்பியபோது நானும் திசை பார்த்துக் கூப்பினேன். இந்த முறை கிளம்பும்முன் ஒத்தடம், ஒரு சொட்டு, பக்கவாட்டில் மூடிய கண்ணாடி. தோல்பையிலிருந்து பீய்ச்சிய தண்ணீர் முகத்தில் அடித்தது, துடைத்துவிட்டுப் பார்த்தேன். குதிரையின் கழுத்தில் கிடந்த மாலையில் ஒரு பூச்சரம் அறுந்து தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அந்தச் சரம் வரை தெரிந்தது.

12 மே

அம்மாவுக்குப் புரை. அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் அளவு எடுக்கப் போனோம். கருவிழியின் வளைவைக் கருவி அளக்கிறது. அன்று ஒரு எண், நாலு நாள் கழித்து வேறு எண். அறுவை மருத்துவர், “முதலில் கண் உலர்வைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்” என்று மூன்று வாரம் தள்ளிப் போட்டுவிட்டார். அங்கே நின்றபோது கோபமாக இருந்தது. வெயிலில் 78 வயது மனுஷியை மூன்று முறை அலைக்கழிக்கிறார்களே என்று. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது. கருவி பார்ப்பதும் அதே கண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைத்தான். பரப்பு திட்டுத்திட்டாக இருந்தால் எண்ணும் தவறும். அந்த அளவில் ஒரு டையாப்டர் (லென்ஸின் பவரை அளக்கும் அலகு) தவறினால் அறுவைக்குப் பின் பார்வையிலும் ஏறக்குறைய ஒரு டையாப்டர் தவறும். உள்ளே வைத்த லென்ஸைக் கண்ணாடிபோல் கழற்றி மாற்ற முடியுமா? வீட்டில் யாருக்காவது புரை அறுவை இருந்தால், அளவெடுக்கும் முன்பே உலர்வைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

19 மே

பிப்ரவரியில் மீன் எண்ணெய் மாத்திரை பலன் தருகிறது என்று எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். 2018-இல் வெளியான, அமெரிக்காவில் 500-க்கு மேற்பட்டவர்களை வைத்து ஒரு வருடம் நடத்திய ஆய்வில், மீன் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கமும் ஓரளவு தேறியிருந்தார்கள். நான் மாத்திரை தொடங்கிய அதே மாதத்தில்தான் கட்டிலையும் நகர்த்தினேன், செட்டிரிசினையும் நிறுத்தினேன். பெயரை மாத்திரை தட்டிக்கொண்டு போய்விட்டது. நான் எழுதியதைப் பார்த்து வாங்கியவர்கள் இருந்தால் வருந்துகிறேன். அந்தக் காசுக்கு ரசாயனம் கலக்காத சொட்டு மருந்து வாங்குங்கள்.

9 ஜூன்

தம்பி எழுதியதைப் படித்தேன். அப்பாவின் கண்ணீர் உடையும் நொடிகள்: வலது 3, இடது 6. இந்த வித்தியாசத்துக்குக் காரணத்தை உங்கள் அம்மா கண்டுபிடித்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓட்டுநர் இருக்கை வலது பக்கம். கேபின் சூட்டுக்கு வலது ஜன்னலை இறக்கிவிட்டு, கையை அதில் வைத்துக்கொண்டு 20 வருடம் ஓட்டியிருக்கிறார். சாலைக் காற்று முழுவதும் வலது கண்ணுக்கு. ஜன்னலை முக்கால்வாசி ஏற்றிவிட்டு, பகலில் பக்கம் மூடிய கண்ணாடி போடச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இரவுக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டவே வேண்டாம். வெள்ளைக் கண்ணாடியிலேயே பக்கம் மூடியது கிடைக்கும்.

முதலாளியிடம் பேசி மூன்று மாதத்துக்குப் பகல் ஓட்டம் மட்டும் என்று வாங்கியிருக்கிறார். படி குறையும் என்று தெரிந்தும். உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சர்க்கரைக்காக வருடம் ஒருமுறை விழித்திரைச் சோதனையை மட்டும் இதைக் காரணம் காட்டி விட்டுவிடாதீர்கள். சர்க்கரை ஏறி இறங்கினாலே பார்வை நாளுக்கு நாள் மாறும். அது இமைத்தால் தெளியாது.

அம்மாவுக்கு நேற்று மறுபடி அளவெடுத்தார்கள். இரண்டு முறையும் ஒரே எண். வியாழக்கிழமை அறுவை.

30 ஜூன்

அம்மா நலம். சுவரில் இருக்கும் நாள்காட்டியைக் கட்டிலில் படுத்தபடியே படிக்கிறார். அறுவைக்குப் பிறகு சில மாதம் உலர்வு கூடலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதனால் வெந்நீரில் இப்போது நாலு துண்டுகள்.

எனக்கு முழுக்கச் சரியாகிவிட்டதா என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. போன மாதம் அளந்தபோது வலது 8, இடது 7. ஒத்தடத்தை ஒரு வாரம் விட்டால் மாலையில் புள்ளிகள் ஆடத் தொடங்கும். குளிரூட்டிய பஸ்ஸில் மேலே இருக்கும் காற்றுத் துளையை மூடாமல் சென்னைக்குப் போனால், இறங்கும்போது தாம்பரத்துப் பலகைகள் ஒன்றும் புரியாது. பல் துலக்குவதுபோல இதுவும் தினசரி என்று எடுத்துக்கொண்டுவிட்டேன்.

நேற்று 16 பக்க மெய்ப்பு வந்தது. கடைசிப் பக்கத்தை எடுத்தபோது மணி 4.20. மேலிருந்து ஏழாவது வரியில் ‘கற்ப்பனை’ என்று இருந்தது. புள்ளியோடு மிகையாக நின்ற பகரத்தைச் சுழித்துவிட்டு, கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, எட்டாவது வரிக்குப் போனேன்.